“சார், இந்த டியூப் இன்னும் வேணுமா?”

எலும்பு வார்டுக்கு டியூட்டி மாறி வந்தபோது பாதிக் கட்டில்களில் யூரின் பேக் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு எலும்பு உடைந்து வரும் பாட்டி, தாத்தாக்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே சிறுநீர் வெளியேற டியூப் போட்டுவிடுவார்கள். போடும்போது இருக்கிற அவசரம் எடுக்கும்போது இருக்காது. வீட்டாருக்குப் பெட்பான் வைக்கிற வேலை மிச்சம், எங்களுக்கும் படுக்கை நனையாது. அப்புறம் ஒருநாள் குளிர் காய்ச்சல் வரும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று உளறுவார். சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சர் அனுப்பினால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரி பாக்டீரியா வரும்.

டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேரும் என்று படித்திருக்கிறோம். டியூபின் மேல் படலமாக ஒட்டிக்கொண்ட கிருமியிடம் ஆன்டிபயாடிக்கும் அவ்வளவாகச் செல்லாது. அதனால் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: காலை ரவுண்ட்ஸில் டியூப் உள்ள ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, “சார், இது இன்னும் வேணுமா?” என்று கேட்க வேண்டும். சிறுநீர் அடைப்பு, மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய நிலைமை, முதுகுத்தண்டு அடி என்றால் சரி, இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முதலில் டாக்டர்கள் முறைத்தார்கள். போகப் போக என்னைப் பார்த்ததுமே “எடுத்துடுங்க சிஸ்டர்” என்பார்கள்.

எடுக்க முடியாதவர்களிடம்தான் பாடு. பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பேக்கில் இருந்ததெல்லாம் திரும்ப உள்ளே ஓடும். இப்போது பேக்கைக் காலி செய்யாமல் யாரையும் வார்டை விட்டு அனுப்புவதில்லை. காலி செய்யும்போது குழாய் வாய் ஜக்கில் இடிக்கக்கூடாது, ஒரே ஜக்கை நாலு பேருக்குக் கொண்டுபோகவும் கூடாது. டியூப் நுழையும் இடத்தைத் துடைக்கச் சோப்பும் தண்ணீரும் போதும், தினமும் பெட்டாடின் மருந்து தேவையில்லை. ஆண்களுக்கு முன்தோலைத் தள்ளிச் சுத்தம் செய்தால், மறக்காமல் பழையபடி இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வீங்கிவிடும். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால் புரளும்போது இழுபடாது. கல்ச்சருக்குப் பேக்கிலிருந்து எடுத்த சிறுநீர் உதவாது, டியூபில் அதற்கென்று இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டுச் சிரிஞ்சில் எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன் டியூபைக் கட்டிக் கட்டி விட்டுச் சிறுநீர்ப்பையைப் பழக்கும் முறையை மூத்த சிஸ்டர்கள் சிலர் இன்னும் விடவில்லை. அது அவசியமில்லை. டியூப் நழுவாமல் உள்ளே பிடித்துவைக்கும் பலூனின் தண்ணீரைச் சிரிஞ்சில் முழுதும் இறக்கிவிட்டு மெதுவாக உருவினால் போதும். அதன்பின் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்கிறாரா என்று பார்க்கிறோம்; இல்லாவிட்டால் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து டாக்டரைக் கூப்பிடுகிறோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகும் பாட்டிகள் மட்டும் என்னைத் திட்டுகிறார்கள், “டியூபே நல்லா இருந்துச்சே தாயி” என்று.