நனைந்த பலகை உலர வேண்டும்: திறந்தவெளி மரத்தளங்களைச் சீரமைத்தல்

திறந்தவெளி மரத்தளம் நரைத்து, பலகைகள் சொரசொரப்பாகிவிட்டால், எந்தப் பூச்சை வாங்கிப் பூசலாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. காற்றில் ஈரமும் வானில் கடும் வெயிலும் சேர்ந்திருக்கும் இடங்களில் அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நனைந்த பலகை எவ்வளவு விரைவில் உலர்கிறது, எந்த இடத்தில் உலராமல் கிடக்கிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்யாத வரை, எவ்வளவு உயர்ந்த எண்ணெயைப் பூசினாலும் தளத்தின் தோற்றம் சில மாதங்களுக்கு மாறுமே தவிர, அதன் ஆயுள் நீளாது.

வெயில் செய்யும் சேதம் வேறு, ஈரம் செய்யும் சேதம் வேறு. மரத்தின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் சென்றபின், செல்லுலோஸ் இழைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் மேலே மிஞ்சுகின்றன. நரை என்று நாம் காண்பது இதைத்தான். இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. ஈரமோ உள்ளே இறங்குவது. மரத்தின் ஈர அளவு அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை அதை மக்கச் செய்யும் பூஞ்சைகளால் வளர முடிவதில்லை. இழைச் சுவர்கள் நீரால் நிறைந்துவிடும் 28 முதல் 30 விழுக்காட்டு அளவைத் தாண்டி மரம் நீண்ட நாள் ஈரமாகவே கிடந்தால் அவை உட்புறத்தை உண்ணத் தொடங்குகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும்போது, ஒரு துளி மழைகூடப் படாத மரமும் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தில்தான் நிலைகொள்கிறது. அதாவது வறண்ட நாட்டு மரத்துக்கு இருக்கும் தாராளமான இடைவெளி இங்கே இல்லை. ஒரு மழை பெய்தாலே எல்லை நெருங்கிவிடுகிறது. அதனால்தான் மழைக்குப் பின் உலரும் வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எனவே சீரமைப்பைத் தளத்தின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பலகைகளைத் தாங்கும் சட்டங்களின் மேல்முகம், பலகையும் சட்டமும் தொட்டுக்கொள்ளும் இடம், சுவரை ஒட்டிய விளிம்பு, பலகைகளின் வெட்டுமுனைகள் ஆகியவை முதலில் கெடும் இடங்கள். நீர் பலகையின் முகத்தின் வழியாக நுழைவதைவிட, இழைகள் திறந்து நிற்கும் வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது. ஒரு கூரான ஸ்க்ரூ டிரைவரை இந்த இடங்களில் அழுத்திப் பார்த்தால் போதும்: நல்ல மரம் எதிர்த்து நிற்கும், மக்கிய மரம் பஞ்சுபோல் உள்வாங்கும். பழுப்பு நிறத்தில் சிறு கட்டங்களாக வெடித்திருந்தால் செல்லுலோஸையே பூஞ்சை தின்றுவிட்டது என்று பொருள். அந்தப் பலகைக்கு எந்தப் பூச்சும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். தூண்களின் மேல் மண் கோடுகள் ஏறியிருந்தால் கரையான் வந்துவிட்டது. அதைத் தீர்க்காமல் மேல்வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

பலகைகளுக்கு இடையே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் அந்த இடைவெளி இருக்கும், ஆனால் சருகும் மண்ணும் அடைத்து அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சாகிவிட்டிருக்கும். ஒரு மெல்லிய தகட்டால் அதைக் கிளறி எடுப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தப் பணியில் மிக அதிகப் பலன் தருவது அதுவே என்று நான் கருதுகிறேன். தளத்தின் பக்கங்களை அழகுக்காக முழுவதும் பலகை வைத்து மூடியிருந்தால் காற்று நுழைய வழி திறக்க வேண்டும். பூந்தொட்டிகளைச் சிறு கால்களின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். சட்டங்களின் மேல்முகத்தில் தார் பூசிய ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுப் பலகையை மீண்டும் பொருத்தினால், திருகாணித் துளைகள் வழியாக இறங்கும் நீர் சட்டத்துக்குள் செல்லாது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்; கடற்காற்று வீசும் இடமாக இருந்தால் 316 என்ற தரம் தேவை.

அடுத்தது கழுவுதல். மரத்தில் தெரியும் கறைகள் எல்லாம் ஒன்றல்ல. சீரான சாம்பல் நிறம் வெயிலால் வந்தது. நிழல் விழும் பகுதிகளில் காணும் கரும்புள்ளிகள் பூசணம். திருகாணித் தலைகளைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பாகப் படர்வது, மரத்தில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை. முதல் இரண்டுக்கும் சோடியம் பெர்கார்பனேட் கரைசல் நன்றாக வேலை செய்கிறது. நீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு அழுக்கைத் தளர்த்துகிறது. காரத்தன்மை உடையதால் அது மரத்தைச் சற்றுக் கருமையாக்கிவிடும். கழுவியபின் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் காரம் சமனாகி, இரும்புக் கறையும் கரைந்து, மரத்தின் இயல்பான நிறம் திரும்புகிறது. இந்த அமிலம் நச்சுத்தன்மை உடையது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அருகிலுள்ள செடிகளை முன்பே நன்றாக நனைத்துவிட்டு, இறுதியில் ஏராளமான நீரால் அலச வேண்டும். குளோரின் பிளீச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பூசணத்தோடு சேர்த்து லிக்னினையும் அது தாக்குகிறது. உயர் அழுத்த நீர்ப் பீய்ச்சியும் வேகமாகத் தெரிந்தாலும் மென்மையான இழைகளைப் பெயர்த்து வரிவரியாகப் பள்ளம் விடுகிறது. இழையின் போக்கிலேயே கடினமான பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் நல்லது.

உலர்ந்தபின் 60 முதல் 80 வரையிலான எண் கொண்ட உப்புத்தாளால் தேய்க்கலாம். அதைவிட நைஸாகத் தேய்த்தால் நுண்துளைகள் மூடிக்கொண்டு எண்ணெய் இறங்காது. ஆர்சனிக் கலந்த பழைய பதன மருந்து ஏற்றிய மரமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் தேய்க்கவும் கூடாது, கழிவை எரிக்கவும் கூடாது.

பூச்சில் என் தேர்வு நிறமி கலந்த, மரத்துக்குள் ஊடுருவும் எண்ணெய். வார்னிஷ் முதல் நாளில் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிறமற்ற படலத்தைத் தாண்டி ஒளி உள்ளே செல்வதால், படலம் பற்றியிருக்கும் மேற்பரப்பே அடியில் சிதைகிறது. மரம் ஒவ்வொரு மழைக்கும் உப்பி, ஒவ்வொரு வெயிலுக்கும் சுருங்க, படலம் எங்கோ ஓரிடத்தில் வெடிக்கிறது. அந்த வெடிப்பில் நுழையும் நீர் பின்னர் வெளியேற வழியின்றிப் படலத்துக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. உரிந்த வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுக்காமல் மறுபூச்சு தரவும் முடியாது. ஊடுருவும் எண்ணெய் உரிவதில்லை, தேய்ந்து மறைகிறது. மரத்தின் ஈரம் வெளியேறவும் இடம் விடுகிறது. அதில் கலந்த இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளே புற ஊதாக் கதிரைத் தடுப்பவை என்பதால், நிறமற்ற எண்ணெய் வெயிலுக்குப் பெரிதாக ஈடுகொடுக்காது. மிக அடர்ந்த நிறமும் வேண்டாம். வெறுங்காலுடன் நடக்க முடியாத அளவு தளம் சுடும். ஆளிவிதை எண்ணெயை அப்படியே பூசுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஈரமான காற்றில் அது பூசணத்துக்கு உணவாகிறது.

மரத்தின் ஈர அளவைக் காட்டும் ஈரமானி 15 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும் வரை காத்திருந்து, பலகை சூடேறாத வேளையில், நிழலில் பூச வேண்டும். சுடும் பலகையில் எண்ணெய் இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். ஓரிரு பலகைகளை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பூசினால் இடையில் திட்டு விழாது. வெட்டுமுனைகளுக்கு மட்டும் இருமுறை. மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயை, டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பிசுபிசுப்பாகவே நிற்கும். அந்தத் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்கவே கூடாது. உலரும் எண்ணெய் வெப்பத்தை வெளியிடுவதால் குவியல் தானாகவே தீப்பிடிக்கும். நீரில் முக்கி வைக்க வேண்டும் அல்லது திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

பிறகு தேவைப்படுவது அவ்வப்போதைய கவனம். நீர்த்துளிகளைத் தெளித்துப் பார்த்து, அவை முத்தாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கிக் கருமையாக்கினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. தளம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்த நிலையை அடைவதில்லை. நாள் முழுவதும் வெயில் படும் பகுதி முதலில் தாகமெடுக்கும். அதை மட்டும் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசினால் போதும். நிழல் பகுதிக்குப் பெரும்பாலும் எண்ணெய் தேவைப்படாது, பிரஷ்ஷும் கரைசலும் தேவைப்படும். அங்கே மேலும் மேலும் எண்ணெய் ஏற்றினால் அது பூசணத்தைத்தான் வளர்க்கும்.