போன விரல், போன வேலை, போன ஐயாயிரம்

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று வக்கீல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சம்.

2022-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது ஆள்காட்டி விரலில் நுனிக் கணு போய்விட்டது. கம்பெனியே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பில் கட்டி, ஆப்பிளும் வாங்கி வந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் "திங்கள்லேர்ந்து வர வேணாம்பா" என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டார்.

வக்கீல் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மனு போட்டார். அதற்காகத் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மூன்று நடை. மூன்றாவது நடையில் அங்கிருந்த ஓர் அம்மாதான் சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கே, இது இங்க நிக்காதே" என்றார். இஎஸ்ஐ உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாதாம். அன்றைய இஎஸ்ஐ சட்டம் 53-வது பிரிவு.

சரி என்று இஎஸ்ஐ கிளை அலுவலகம் போனால், கம்பெனி விபத்து அறிக்கையே அனுப்பவில்லை. போதாததற்கு, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வீட்டுக் கதவிடுக்கில் நசுங்கியது' என்று எழுதியிருந்தது! ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படிக்காமல் மடித்துப் பையில் வைத்திருந்த தாள் அது. காப்பாற்றியது ஏஆர் காப்பி. அடிபட்டு உள்ளே நுழைந்ததும் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், வலியோடு நான் சொன்னது அப்படியே இருந்தது: பிரஸ் மெஷின். அந்த நகலுக்காக இரண்டு நாள் ரெக்கார்டு அறை வாசலில் உட்கார்ந்தேன். அதைக் காட்டிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. மெடிக்கல் போர்டு ஊனம் 9 சதவீதம் என்று போட்டது.

வேலை விஷயம் தனி வழி. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பாதீர்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம், வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்த்து 2ஏ மனு (அன்றைய தொழில் தகராறு சட்டம் 2ஏ பிரிவு) கொடுத்தேன். அங்கே வக்கீல் பேச முடியாது, நாம்தான் பேச வேண்டும். நிர்வாகம் இரண்டு முறை வரவில்லை. அப்புறம் வந்து, நானே வேலையை விட்டு நின்றுகொண்டேன் என்றார்கள். குரல் பதிவை ஓடவிட்டேன். வந்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனாலும் ஒத்துவரவில்லை. 45 நாள் கடந்ததும், அன்றைய சட்டப்படி நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போனேன், வழக்கு ஓடுகிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால், இப்போது போகிறவர்கள் கெடுவைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வக்கீலிடம் அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "மனு போட்டதுக்குத்தானே வாங்கினேன், ஜெயிக்கிறதுக்கா?" என்றார்.