வேகத்தடையை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிய கதை

எங்கள் ஊரில் வேகத்தடைக்கு எதிராக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். வேகமாக ஓடும் ஆசையில் செய்ததென்று நினைக்கவேண்டாம், என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டி, முறுக்கினாலும் அது ஓடாது. அயலூர்களிலும் இப்போது இதே தகராறு கிளம்பியிருக்கிறது. யாரிடம் போவது, என்ன எழுதுவது என்று போன் எடுத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். திருகோணமலை நகரத்துக்குத் தெற்கே, வயலும் குளமுமாக இருக்கிற பக்கம் எங்கள் ஊர். பெயரைப் போடவில்லை, சண்டை பிடித்த இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்.

முன்பு கிரவல் வீதி. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி, ஆனால் ஒருவராலும் முப்பதுக்கு மேல் ஓட முடியாது. காபெட், அதாவது வழுவழுப்பான தார் வீதி, போட்ட பிறகு எல்லாம் மாறியது. மகாவலி ஆற்று மணல் ஏற்றிய டிப்பர்கள் பிரதான வீதியை விட்டுவிட்டு எங்கள் ஊருக்குள்ளால் குறுக்கே ஓடத் தொடங்கின, பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் யார் முந்துவது என்று போட்டி. 2024இல் பள்ளிக்கூடம் விட்ட நேரம், சைக்கிளில் வந்த ஒரு பையனை மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. கால் முறிந்து தகடு வைத்தார்கள். அன்று பின்னேரமே சனம் டயர் கொளுத்தி வீதியை மறித்தது, பொலிஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், வேகத்தடை போட்டுத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து ஆட்களைக் கலைத்தார்கள். அந்த மறியலில் நானும் நின்றேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஒருநாள் விடிய லொறி வந்தது, பொழுதுபட ஏழு மேடு. அதுவும் ஒரு கிலோமீற்றர் கூட வராத துண்டுக்குள். எங்கே போடுவது என்று யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை, ஒரு மேடு வளைவு திரும்பிய கையோடு இருந்தது. முதல் கிழமையிலேயே இரவில் தெரியாமல் வந்த இரண்டு பேர் விழுந்து எழும்பினார்கள். அதில் ஒருவர் வேகத்தடை வேண்டும் என்று மறியலில் என் பக்கத்தில் நின்று கத்தியவர்.

இந்த மேடுகள் யாரைத் தடுத்தன, யாரைத் தடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், முழு வழக்கும் இதில்தான் நின்றது. நெல் ஏற்றிய ட்ராக்டர் பெட்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. பெரும்போக அறுவடை நேரம் ஒவ்வொரு மேட்டிலும் மூட்டை சரிந்து, வரிசையாக நெல் கொட்டிக் கிடந்தது, கோழிகளுக்குக் கொண்டாட்டம். தயிர்ச் சட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்போம், முதல் மாதத்திலேயே கணக்குப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நிறைமாதக்காரியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மாமி, "ஏழு மேட்டிலயும் பிள்ளை ஒவ்வொரு தரம் பிறந்து பிறந்து உள்ள போச்சு" என்று சொன்னதைக் கேட்டு ஊரே சிரித்தது, ஆனால் அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்கும் அதே ஏழு மேடுதான்.

டிப்பர்? பாரம் ஏற்றியிருந்தால் மெதுவாக ஏறி இறங்கும், உண்மை. வெறும் டிப்பர் குறையாமலே வரும், மேட்டில் ஏறி இறங்கும்போது பின் கதவு படாரென்று அடிக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மேட்டுக்கு நேரே இருக்கும் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தது, அது மேட்டால்தான் வந்ததா என்று நிரூபிக்க வழியில்லை, ஆனால் வீட்டுக்காரரை நம்பவைக்கவும் வழியில்லை. மோட்டார் சைக்கிள் பொடியன்களோ மேட்டைத் தொடவே இல்லை. மழைத்தண்ணி ஓடுவதற்காக ஓரத்தில் ஒன்றரை அடி இடைவெளி விட்டிருந்தார்கள், அதற்குள்ளால் புகுந்து போனார்கள். பிள்ளைகள் நடந்து போவதும் அதே ஓரத்தால்தான்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பொது மண்டபத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம் கூட்டம் வைத்தபோது, "எல்லாத்தையும் கிண்டி எறியவேணும்" என்று கமக்காரர்கள் ஒரு பக்கம். மறுபக்கத்தில் அடிபட்ட பையனின் தாய் எழும்பி, "கிண்டுற மெசினுக்கு முன்னால நான் படுப்பன், உங்கட நெல்லு கொட்டினா அள்ளலாம்" என்றார். அதற்குப் பிறகு யார் என்ன பேசுவது? கூட்டம் தேத்தண்ணியோடு முடிந்தது. இடையில் இன்னொரு கட்சியும் இருந்தது. ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் பாலைப்பழமும் வெள்ளரிக்காயும் விற்கிற அண்ணன் ஒருவர், வாகனம் மெதுவாகும் இடத்தில்தான் வியாபாரம் என்று, அந்த மேட்டை மட்டும் தொடவேண்டாம் என்று எல்லாரையும் தனித்தனியாகக் கண்டு பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் எழுதிய மனு வெறும் கோபம். ஏழையும் அகற்று, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்க் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தோம், அவர் வாசித்துவிட்டு, "தம்பி, ரோட்டு ஆருடையது எண்டு முதல்ல பாருங்க" என்றார். பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. பிழையான கந்தோரில் கொடுத்த மனு அங்கேயே கோப்புக்குள் நித்திரை கொள்ளும், இது எங்களுக்குரியதல்ல என்று எழுதித் திருப்பி அனுப்பக்கூட ஆள் இருக்காது. எங்கள் வீதி யாருடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம், பதில் வரவில்லை. அந்தக் காலத்தில் ஊர் உறுப்பினர் என்று பிடித்து உலுக்கவும் ஒருவர் இல்லை, உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து எல்லாம் செயலாளர்களின் பொறுப்பில் இருந்தது.

அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எங்கள் மருமகப் பிள்ளை ஒருத்தி கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்பவள், அவள்தான் வழி காட்டினாள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். தராவிட்டால் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று இருக்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நாங்கள் சுற்றி வளைக்காமல் கேட்டோம்: ஏழு வேகத்தடைக்கும் அனுமதி கொடுத்த கடிதத்தின் பிரதி, அளவுகள் போட்ட வரைபடத்தின் பிரதி, இடம் தெரிவு செய்த விதம். ஏன் எங்களைத் துன்பப்படுத்துகிறீர்கள் என்ற மாதிரிக் கேள்விகளைத் தகவல் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், அதற்குக் கடதாசி இருக்காது.

பதில் வந்தது. அனுமதிக் கடிதம் இருந்தது, "பொதுமக்களின் கோரிக்கைக்கு அமைவாக" என்று. அந்தப் பொதுமக்கள் நாங்கள்தான், டயர் கொளுத்தியவர்கள். வரைபடம் இல்லை. இடம் தெரிவு செய்தது பற்றியும் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கடிதத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இனி வாய்ச்சண்டை தேவையில்லை, அளந்து பார்த்தால் போதும்.

அளந்தோம். மேசன் வேலை செய்யும் தம்பி ஒருவர் நூலும் மட்டமும் கொண்டுவந்தார். ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் உயரம், இரண்டு அடி அகலம், ஒன்றைப்போல ஒன்று இல்லை. பிரிட்டனில் 1970களில் வாகனங்களை ஓடவிட்டுப் பார்த்து உருவாக்கிய, பின்னர் பல நாடுகளும் எடுத்துக்கொண்ட வட்ட வளைவு மேடு 3.7 மீற்றர் நீளம், உயரம் 10 சென்ரிமீற்றர்தான். கட்டையான மேட்டில் ஒரு வினோதம் இருக்கிறது: மெதுவாகப் போகிறவனுக்கு இடுப்பு முறியும், பாய்ந்து போகிறவனின் ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். நீட்டான மேட்டில் இது தலைகீழ், வேகம் கூடக் கூடத் தூக்கிப் போடும். எங்கள் ஊரில் ட்ராக்டரும் ஆட்டோவும் தண்டனை அனுபவிக்க, வெறும் டிப்பர் தப்பிப் போனதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. மனுவில் இதை ஒரு பந்தியாக எழுதினோம், பக்கத்தில் படம் கீறி.

ஆனால் மனுவை உண்மையில் மாற்றியது பையனின் தாய்தான். நானும் கமக்காரர் அமைப்பின் தலைவரும் அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் கதிரை போடவில்லை. நின்றபடியே அளந்த கடதாசியைக் காட்டிப் பேசினோம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் போகும், ஓட்டுபவன் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு செக்கன் போய்விடும், 30இல் வந்தால் அது 8 மீற்றர். உங்கள் மகன் அடிபட்ட இடத்தில் வேகம் 30க்குக் குறையவேண்டும், இப்போது இருக்கிற மேட்டால் அது நடக்கவில்லை, பொடியன்கள் ஓரத்தால் போகிறார்கள் என்றோம். "அது எனக்குத் தெரியாதா, நான் தினமும் பாக்கிறன்" என்றார். பிறகு கதிரை வந்தது. அவர் கேட்டது ஒன்றுதான், பள்ளிக்கூட வாசலில் புதியது கட்டும்வரை பழையதைத் தொடக்கூடாது. அதை மனுவின் முதல் வரியாகப் போட்டோம். முதல் கையெழுத்தும் அவருடையது. அதற்கு முன் கையெழுத்துப் போட மறுத்த வீடுகள் அவருடைய பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கின.

அகற்று என்று மட்டும் எழுதிக் கொண்டுபோனால், பிள்ளைகள் சாகட்டுமா என்று ஒரு கேள்வியில் உங்களை இருத்திவிடுவார்கள். எதை எடுக்கவேண்டும், எங்கே, அதற்குப் பதில் என்ன என்று இடம் இடமாக எழுதுங்கள்.

2025 மே 6 தேர்தல் முடிந்து சபைகள் கூடிய பிறகு புதிய உறுப்பினர் ஒருவர் இதைக் கையிலெடுத்தார், வாக்குக் கேட்டு வந்தபோது அவருடைய சைக்கிளும் அந்த மேட்டில் துள்ளியதுதான் காரணமென்று ஊரில் கதை. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பேசப்பட்டது. அதற்குப் பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரீ.ஓ.) நேரில் வந்தார், போக்குவரத்துப் பொலிஸாரும் வந்தார்கள். அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம், ஊரே வீதியில். ரீ.ஓ. இளம் ஆள். வந்தவுடனே, "நீங்கதானே கேட்டீங்க?" என்றார். "கேட்டது நாங்கதான் சேர், அளந்து போடச்சொல்லிக் கேக்க மறந்திட்டம்" என்றார் மேசன் தம்பி. சிரித்துவிட்டார் மனிதர். அதன் பிறகு பேச்சு இலகுவானது. ஒவ்வொரு மேடாக நடந்தோம். வளைவில் இருந்ததை உடனே எடுக்கவேண்டும் என்பதில் பொலிஸாரும் எங்களோடு நின்றார்கள். பாலைப்பழ அண்ணன் தன் மேட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் வெள்ளரிக்காய் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தார், அது லஞ்சமா உபசரிப்பா என்று இன்றுவரை முடிவில்லை. அவருடைய மேடும் போய்விட்டது.

வேலை முடிய மாதங்கள் எடுத்தன. இப்போது பள்ளிக்கூட வாசலில் அகலமான தட்டை மேடு, அதற்கு மேலேயே மஞ்சள் கோட்டுக் கடவை. அதன் இரண்டு ஓரத்திலும் கொங்கிரீட் கட்டை நட்டதால் மோட்டார் சைக்கிள் புக முடியாது, தண்ணிக்குக் கீழால் குழாய். ஊரின் இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு நீட்டு மேடு, முன்னால் பலகை. மிச்சம் நான்கையும் கிண்டி எடுத்துவிட்டார்கள், எடுத்த இடங்கள் மாரி மழைக்குப் பிறகு பள்ளம் விழுந்து, அதுவும் ஒரு வேகத்தடைதான் என்று ஆட்கள் பகிடி விடுகிறார்கள். தயிர் நானா திரும்ப வருகிறார். கிழக்குத் தலைப்பு மேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் கோபம், சத்தம் குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறார், ஆனால் ஏன் என் வீட்டடியில் என்று கேட்கிறார். அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, எங்கே போட்டாலும் யாரோ ஒருவரின் வீட்டடிதான்.

டிப்பர் விஷயம் மட்டும் முடியவில்லை. காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழரைக்கு முந்திய ஒரு மணித்தியாலமும், ஒன்றரைக்கு விடும் நேரமும் மணல் வாகனம் ஊருக்குள் வரக்கூடாது என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மணல் அகழ்வுக்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம், அதனால் அங்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த தகவல் விண்ணப்பம். அதைப் பையனின் தாயே எழுதுகிறார், வரைவை நேற்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.