அரியணை இல்லாத அரண்மனை

தெற்கு ஜெர்மனி வந்தால் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. நாங்களும் போனோம். அம்மாவுக்கு முட்டிவலி, குதிரை வண்டி பிடித்தோம். அது வாசல்வரை போகாது, கடைசி ஏற்றம் நடந்துதான் ஆகணும்! வழியெல்லாம் எனக்குத்தான் அர்ச்சனை.

பவேரியா மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்ட ஆரம்பித்து, 1886-இல் சாகும்வரை முடிக்காத கோட்டை. தங்க நிறச் சுவர், மொசைக் தரை எல்லாம் உண்டு. அரியணை மண்டபத்தில் அரியணை மட்டும் இல்லை. “இவ்வளவு செலவு பண்ணி, உட்கார நாற்காலி போடலையாடா?” என்றார் அம்மா. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, ஆதாரம் கேட்காதீங்க. படுக்கையறையில் அன்ன வடிவத்தில் தண்ணீர்க் குழாய். சின்னவள் அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

மனுஷர் கடன் வாங்கிக் கட்டியது. அவர் இறந்த ஏழே வாரத்தில் டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் வசூல்தான்.

மறுநாள் லிண்டாவ் என்ற ஏரிக்கரை ஊர். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறுபக்கம் கலங்கரை விளக்கம், ஏரிக்கு அக்கரையில் ஆஸ்திரியா. அருமை.

போகிறவர்கள் கோட்டை டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்துடுங்க. ரயிலுக்கு பயேர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்) மலிவு, ஆனால் வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்.