தட்டைப் பார்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் சைனாடவுன் ரயில் நிலையத்தில் இறங்கி, பகோடா தெரு வழியாக நடந்தேன். அந்தத் தெருவுக்குப் பெயர் வந்ததே நம் கோயில் கோபுரத்தால்தான். இப்போது இருபுறமும் சாவிக்கொத்து விற்கிறார்கள்.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பியது. அப்போது வெறும் மரமும் அத்தாப்பு ஓலையும்தான். கப்பலிலிருந்து இறங்கியவர்கள், வேலையும் இருப்பிடமும் அமையும்வரை இங்கேதான் தங்கினார்கள். கோபுரத்தை அண்ணாந்து படமெடுப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. யாரும் கேட்பதில்லை.

அம்மனிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன்: வீட்டுக் கடன், மகளின் தேர்வு, என் முழங்கால். தேர்வுவரை வந்தபோதே பின்னால் வரிசை நெருக்கியது. திருநீறு வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அன்னதானத்தில் பரிமாற ஆள் போதவில்லை. சாம்பார் வாளி என் கைக்கு வந்தது. "சாம்பார் வேண்டுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனேன். ஓர் இளைஞர், கட்டுமான வேலை செய்பவராக இருக்கலாம், நகக்கண்ணில் சிமெண்ட் வெளுத்திருந்தது, "போதும் அண்ணே" என்றார். நானும் கடந்துவிட்டேன்.

பின்னால் அப்பளக் கூடையோடு வந்த பாட்டி என் முழங்கையைத் தட்டினார்.

"தம்பி, கேட்காதே. கேட்டால் போதும் என்றுதான் சொல்வார்கள். தட்டைப் பார்."

திரும்பிப் பார்த்தேன். அந்தத் தட்டில் பாதிச் சோறு வெள்ளையாகவே கிடந்தது. அதை அவர் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு இறக்கிக்கொண்டிருந்தார். ஊற்றினேன். அவர் நிமிரவில்லை. சோற்றில் குழி பறித்து, சாம்பார் ஓடாமல் விரலால் அணை கட்டினார்.

அந்த உற்சாகத்தில் அடுத்த தட்டிலும் கேட்காமல் ஊற்றினேன். அது தயிர்சாதம். தட்டுக்காரர் என்னை முறைத்தார். பாட்டி சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து ஓர் அப்பளம் தரையில் விழுந்து நொறுங்கியது.

"பார் என்றுதானே சொன்னேன்?"

வேறு தட்டு எடுத்துவர ஓடினேன். முழங்காலைப் பற்றி நினைவு வந்தது, வாளி இரண்டு முறை காலியான பிறகுதான்.