தலையாட்டினா அது சம்மதமா?

குதிரைக்கு ட்ரெயினிங் குடுக்குறது, கேட்டலிஸ்ட் கெமிஸ்ட்ரி, குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி சம்மதம் வாங்குறது. இந்த மூணுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேப்பீங்க. எனக்கு மூணுலயும் தெரியுறது ஒரே கேள்விதான். எதிர்ல இருக்குறது "ஆமா"ன்னு சொல்லுதே, அந்த ஆமா நிஜமாவே அதுகிட்டேருந்துதான் வருதா, இல்ல நாமளே நமக்குத் தெரியாம உள்ள போட்டு வச்சதா? ரொம்ப நாளா இது மனசுல ஓடிட்டே இருந்துச்சு, இப்ப அண்ணன் பொண்ணுக்கு டான்சில் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அவ வீட்டுக்கும் வந்துட்டா, அதனால உக்காந்து எழுதிடுறேன்.

முதல்ல என் வேலை. நான் கேட்டலிஸ்ட் லேப்ல இருக்கேன். கேட்டலிஸ்ட்னா தான் செலவாகாம வினையை வேகமா நடக்க வைக்கிற பொருள், மணலி பக்கம் உர ஃபேக்டரில அம்மோனியா செய்றதுக்கு இரும்பு, உங்க காரோட சைலன்சர் லைன்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இப்படி. நாங்க அதிகமா பண்றது சுசுகி கப்ளிங், ரெண்டு கார்பன் துண்டை ஒட்டுற வினை, அதுக்கு பல்லேடியம் வேணும். 2010ல ஹெக், நெகிஷி, சுசுகி மூணு பேருக்கும் நோபல் குடுத்தது இந்த மாதிரி பல்லேடியம் வினைகளுக்குத்தான். பிபி மாத்திரை லோசார்டான் போடுறவங்க வீட்ல நிறைய பேர் இருப்பாங்க, அதைத் தயாரிக்கவும் இந்த வினை பயன்படுது.

பல்லேடியம் விலை ஜாஸ்தி, மருந்துல மிச்சம் ஒட்டிக்கிட்டா பிரச்சனை, அதனால அது இல்லாமலே இந்த வினை நடந்தா எவ்ளோ நல்லாருக்கும்னு எல்லாரும் ஏங்குறோம். 2003ல லெட்பீட்டர்னு ஒருத்தரோட குழு, உலோகமே போடாம தண்ணில மைக்ரோவேவ்ல வச்சே சுசுகி நடக்குதுன்னு பேப்பர் போட்டாங்க. பெரிய பரபரப்பு. ஆனா அந்தக் குழுவே விடாம திரும்பத் திரும்ப நோண்டிப் பாத்து 2005ல இன்னொரு பேப்பர் போட்டுச்சு, அதுல என்ன சொன்னாங்கன்னா, வினைல காரமா போட்ட சோடியம் கார்பனேட் இருக்குல்ல, துணி துவைக்கிற சலவை சோடா, அதுக்குள்ள 50 பிபிபி அளவுக்கு பல்லேடியம் ஒளிஞ்சுட்டு இருந்துச்சு. அதாவது நூறு கோடி பங்குல 50 பங்கு. அவ்ளோதான். அதுவே மொத்த வேலையையும் பாத்துருச்சு. இதுல எனக்கு அந்தக் குழு மேல மரியாதைதான் கூடுச்சு, தன்னோட பேப்பரைத் தானே தோண்டிப் பாக்குறது சாதாரண விஷயம் இல்ல.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. 2021ல பெரிய ஜர்னல்ல, ஒரு அமீன்தான் (நைட்ரஜன் உள்ள கரிமப் பொருள்) கேட்டலிஸ்ட், உலோகம் வேணாம்னு ஒரு பேப்பர் வந்துச்சு, அதே வருஷம் வாபஸும் ஆச்சு. அந்த அமீனைச் செய்யும்போதே பல்லேடியம் யூஸ் பண்ணியிருக்காங்க, எவ்ளோ சுத்தம் பண்ணியும் துளி போகல. இன்னொண்ணு, மாஸ்கோல அனானிகோவ் குழு 2019ல ஸ்டிர் பாரையே எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க. ஸ்டிர் பார்னா டெஃப்லான் உறை போட்ட குட்டி காந்தம், ஃப்ளாஸ்க்குக்குள்ள சுத்திட்டே இருக்கும், எல்லா லேப்லயும் கழுவிக் கழுவி வருஷக்கணக்கா யூஸ் பண்ணுவோம். அதோட மேல்பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத கீறல், அந்தக் கீறலுக்குள்ள பழைய வினைகள்ல இருந்த உலோகம். வெங்காயம் நறுக்குன கத்தில ஆப்பிள் வெட்டுற மாதிரிதான், கழுவுனோம்னுதான் நினைக்கிறோம். எங்க லேப்ல பிளாங்க் ஓட்டுறதுன்னா, அதாவது கேட்டலிஸ்ட் போடாம வினை நடக்குதான்னு பாக்குறதுன்னா, புது ஃப்ளாஸ்க், புது ஸ்டிர் பார், வேற பாட்டில் கார்பனேட். பழைய கண்ணாடிதான் இருக்குன்னா ராஜ திராவகத்துல, அதாவது பல்லேடியத்தையே கரைக்கிற ஆசிட் கலவைல, ஊறப் போட்டுட்டுத்தான் எடுப்போம். ஜூனியர் பசங்க எதுக்குக்கா இவ்ளோன்னு கேப்பாங்க. "நீ போடாதது உள்ள இருக்குடா"ன்னுதான் சொல்வேன்.

இப்ப குதிரைக்கு வரேன்.

பெர்லின்ல 1904 வாக்குல ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்கு போட்டுச்சு. ஃபான் ஓஸ்டன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அதோட ஓனர், கேள்வி கேப்பார், குதிரை பதில் எத்தனையோ அத்தனை தடவை குளம்பால தரையைத் தட்டும். மோசடி எதுவும் இல்லைன்னு கமிஷன் வேற போட்டுப் பாத்துட்டாங்க, உண்மைலயே அவர் ஏமாத்தல. அப்புறம் ஆஸ்கர் ஃபூங்ஸ்ட்னு ஒருத்தர் வந்து கேள்வி கேக்குற ஆளுக்கே பதில் தெரியாத மாதிரி ஏற்பாடு பண்ணிட்டார். ஹான்ஸுக்கு பதில் வரல. குதிரைக்குக் கேக்குற ஆளைப் பாக்க முடியாத மாதிரி கண்ணோரத்துல மறைப்பு போட்டா அப்பவும் வரல. விஷயம் என்னன்னா, கேள்வி கேட்டுட்டு எல்லாரும் குளம்பைப் பாக்கக் கொஞ்சம் குனியுறாங்க, சரியான எண் வந்ததும் தன்னையறியாம தலை துளி நிமிருது, அதைப் பாத்து குதிரை நிறுத்திடுது. 1907ல அவர் இதை முழுசா எழுதி வெளியிட்டார். இதுல என்னை உலுக்குனது எதுன்னா, ரகசியம் தெரிஞ்ச பிறகும் ஃபூங்ஸ்டால தன் தலை அசையுறதைத் தடுக்க முடியல, குதிரை அவரையும் படிச்சிருச்சு. அப்புறம் அவரே குதிரை இடத்துல உக்காந்து, மனசுல ஒரு எண்ணை நினைச்சுக்கோங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டுக் கையால தட்டிப் பாத்தார், பெரும்பாலானவங்க அதே மாதிரி தலையைக் காட்டிக் குடுத்துட்டாங்க. அப்ப இது குதிரையோட புத்திசாலித்தனம் மட்டும் இல்ல, கேள்வி கேக்குற எல்லார் உடம்பும் பதிலை ஒழுக விடுது.

ஈசிஆர் பக்கம் ஒரு இடத்துல நான் ரைடிங் கத்துக்கப் போறேன். அங்க சைஸ் ஒருத்தர், குதிரையைப் பாத்துக்குற அண்ணன், சின்ன வயசுலேருந்து லாயத்துலயே வளந்தவர், அவர் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான். "மேடம், அது நடந்துருச்சு பாருங்க, காலை எடுங்க. எடுத்தாத்தான் அதுக்குப் புரியும்." கால்ல லேசா அழுத்துறோம், குதிரை அடி எடுத்து வச்சதும் அந்த நொடியே அழுத்தத்தை விடணும், அது கத்துக்குறது அழுத்துறதுல இல்ல, விடுறதுல. ஆராய்ச்சி பண்றவங்க இதைத்தான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு சொல்றாங்க. விடாம அழுத்திக்கிட்டே இருந்தா, லகானை இழுத்துக்கிட்டே இருந்தா, என்ன பண்ணாலும் இது போகாதுன்னு ஆகி சில குதிரை பேசாம நின்னுடும். வெளில பாக்குறவங்க ஆஹா எவ்ளோ சாதுன்னு சொல்வாங்க. அந்த அண்ணன் காதையும் கண்ணையும் வாயோரத்தையும் பாத்துட்டு "இது சாது இல்ல மேடம், இது வெறுத்துப் போச்சு"ன்னு சொல்வார்.

நார்வேல 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 23 குதிரைக்கு மூணு பலகை காட்டிப் பழக்குனாங்க. ஒரு பலகைன்னா போர்வை போடு, ஒண்ணுன்னா எடு, ஒண்ணுன்னா இப்படியே இருக்கட்டும். மூக்கால தொட்டுக் காட்டணும், ரெண்டு வாரத்துல எல்லாம் கத்துக்கிச்சு. இதுவும் ஹான்ஸ் கதை இல்லைன்னு எப்படி நம்புறதுன்னு நான் முதல்ல யோசிச்சேன், ஆனா அதுங்க பதில் வானிலையோட சேர்ந்து மாறுது, மழையும் குளிருமா இருந்தா போடுன்னு, நல்ல வெயில்னா எடுன்னு. இதுல முக்கியம் அந்த மூணாவது பலகை. "வேணாம், இப்படியே விடு"ன்னு சொல்றதுக்கும் ஒரு இடம், அதைச் சொன்னா அதையே செய்யவும் செஞ்சாங்க.

சரி, எங்க வீட்டுக் கதை.

பாப்பாவுக்கு 9 வயசு. அட்மிஷன் கவுன்ட்டர்ல அண்ணன் கைல ஃபார்ம் குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ், பின்னாடி லைன்ல ஆளுங்க, பேனா டிக் போட்ட இடத்துலல்லாம் கையெழுத்துப் போடுங்க சார்னு சொன்னாங்க. அண்ணன் படிச்சவன், அவனே ரெண்டாவது பக்கம் புரட்டுறதுக்குள்ள "அது ரொட்டீன்தான் சார்". சமீரா கோலி கேஸ்ல 2008லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, என்ன சிகிச்சை, எதுக்கு, வேற வழி உண்டா, ரிஸ்க் என்ன, பண்ணிக்கலைன்னா என்ன ஆகும், இதெல்லாம் தெரிஞ்சு குடுக்குறதுதான் சம்மதம்னு. கவுன்ட்டர்ல நடந்தது அது இல்ல. அப்புறம் வார்டுல ஒருத்தர் வந்து பாப்பாகிட்ட "ஓகேவா கண்ணா? பயமில்லல்ல?"ன்னு கேட்டார். பாப்பா அவரைப் பாக்கல, அண்ணி முகத்தைப் பாத்தா. அண்ணி சிரிச்சாங்க, வரவழைச்ச சிரிப்பு. பாப்பா தலையாட்டிட்டா. "வெரி குட்"னு சொல்லிட்டு அவர் போயிட்டார். எனக்கு அங்கயே ஹான்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேள்விக்குள்ளயே பதில் இருக்கு, அதுக்கு மேல அம்மா முகத்துல வேற எழுதி ஒட்டியிருக்கு.

சட்டத்துல பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தோட 90வது பிரிவு, 12 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை குடுக்குற சம்மதத்தைக் கணக்குலயே எடுக்கல, 89வது பிரிவு கார்டியன் சம்மதத்தோட குழந்தையோட நல்லதுக்கு செய்றதைப் பாதுகாத்துச்சு, அதுக்குப் பதிலா 2024 ஜூலைல வந்த பிஎன்எஸ்லயும் (பாரதிய நியாய சன்ஹிதா) அதே மாதிரிதான். நடைமுறைல 18 வரைக்கும் அப்பா அம்மா கையெழுத்து. ஆனா ஆராய்ச்சிக்குன்னா ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டில 7லேருந்து 12 வயசு வரைக்கும் குழந்தைகிட்ட வாயால ஒப்புதல் கேக்கணும், 12லேருந்து 18 வரைக்கும் எழுதி வாங்கணும். ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்க 7 வயசுல கேக்கணும், தொண்டைக்குள்ள கருவி விட்டு டான்சிலை எடுக்குறதுக்கு எங்க கைல இருந்த ஃபார்ம்ல அவ பேரைத் தவிர அவளுக்குன்னு ஒரு வரி இல்ல. இது எனக்கு நியாயமாவே படல.

குழந்தைக்கு என்ன புரியும்னு சொல்றவங்களுக்கு, இங்கிலாந்துல பிரிசில்லா ஆல்டர்சன் எலும்பு ஆபரேஷனுக்கு வந்த 8லேருந்து 15 வயசு வரைக்கும் 120 பசங்ககிட்ட உக்காந்து பேசியிருக்காங்க. வயசை விட அனுபவம்தான் பெருசு, ஏற்கனவே நாலஞ்சு ஆபரேஷன் பாத்த சின்னப் புள்ளைக்கு நிறையவே புரியுதுன்னு அவங்க சொல்றாங்க. அப்புறம் கெய்ன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் குழு 2006ல வெளியிட்டது, டான்சில் அடினாய்டு ஆபரேஷனுக்கு வந்த 5லேருந்து 12 வயசு வரைக்கும் 241 குழந்தைங்க, முன்னாடி பதட்டம் அதிகமா இருந்தவங்களுக்கு அப்புறம் வலியும் அதிகம், வலி மாத்திரையும் அதிகம் தேவைப்பட்டுச்சு. சும்மா தலையாட்ட வச்சு உள்ள கூட்டிட்டுப் போனா பயம் எங்கயும் போறதில்ல.

அதுக்காக 9 வயசுப் புள்ள வேணாம்னு சொன்னா ஆபரேஷனையே விட்டுடணும்னு நான் சொல்லல. அவளுக்கு மாசத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், ராத்திரில மூச்சு நின்னு நின்னு வரும், பண்ணித்தான் ஆகணும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1995லயே இதுக்கு ஒரு வழி சொல்லியிருக்கு, குழந்தையோட கருத்தை மதிக்கப் போறதில்லைன்னா கேக்குற மாதிரி நடிக்காதீங்க, வேணாம்னு சொன்னாலும் செஞ்சுதான் ஆகணும்னா அதை நேராவே சொல்லுங்க, ஏமாத்தாதீங்க. எனக்கு இதுல முழு உடன்பாடு.

அன்னிக்கு சாயங்காலம் வந்த மயக்க மருந்து டாக்டரம்மா அப்படித்தான் செஞ்சாங்க. அண்ணியைக் கட்டில் பின்னாடி, பாப்பா கண்ணுல படாத பக்கமா உக்காரச் சொன்னாங்க. ஓகேவான்னு கேக்கவே இல்ல. "நாளைக்குக் கண்டிப்பா பண்றோம்மா, அதை மாத்த முடியாது. ஆனா எந்தக் கைல ஊசி போடணும்னு நீ சொல்லு. மாஸ்க் வச்சுத் தூங்குறியா, ஊசில தூங்குறியா, அதையும் நீயே சொல்லு." ஒரு பேப்பர்ல வாய் படம் போட்டுக் காட்டிட்டு, "இப்ப எனக்கு எதுவும் தெரியாதுன்னு வச்சுக்கோ, நாளைக்கு என்ன நடக்கும்னு நீ எனக்குச் சொல்லு"ன்னாங்க. பாப்பா சொல்லிட்டே வந்தா, நடுவுல நிறுத்திட்டு, "டாக்டர் ஆன்ட்டி, என் பல்லு ஒண்ணு ஆடுது, தூங்கும்போது அது உள்ள விழுந்துட்டா?"ன்னு கேட்டா. ரெண்டு வாரம் முன்னாடி செக்கப் பண்ணப்ப அந்தப் பல்லு ஆடவே இல்ல, எங்க யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா உடனே டார்ச் எடுத்து விரல் வச்சுப் பாத்தாங்க, கேஸ் ஷீட்ல எழுதுனாங்க. மயக்கத்துல ஆடுற பல்லு கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஆபத்து, அதனால முன்னாடியே தெரிஞ்சாகணும். "தூங்குனதும் நானே எடுத்துடவா?" "எடுங்க, ஆனா எனக்குக் குடுத்துடணும்." மறுநாள் குட்டி சாம்பிள் டப்பால போட்டுக் குடுத்தாங்க.

தலையாட்டுனதோட விட்டிருந்தா அந்தப் பல்லு விஷயம் வெளிய வந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

நானும் அண்ணனும் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கோம். ஃபார்மை தமிழ்ல, ஆபரேஷனுக்கு முதல் நாளே வீட்டுக்குக் குடுத்து விடணும், அப்பா அம்மா படிச்சுட்டுக் கேள்வியோட வரட்டும். 7 வயசுக்கு மேல உள்ள குழந்தைன்னா, என்ன நடக்கப் போகுதுன்னு அது தன் வாயால சொன்னதை அப்படியே எழுத நாலு வரி இடம் விடணும், அது கேட்ட கேள்வி எதுவோ அதுவும் அந்த நாலு வரிக்குள்ள. பதில் இன்னும் வரல, அடுத்த வாரம் ரெவ்யூவுக்குப் போறப்ப நேர்லயே கேக்கப் போறோம். உங்க வீட்டுக் குழந்தைக்கு ஆபரேஷன் தேதி குடுத்திருந்தா நீங்களும் இதைக் கேளுங்க.