முத்துவுக்கு உடம்பு சரியில்லை: கோடையில் ஒரு ஆக்ஸலாட்டலைப் பார்த்துக்கொண்ட குறிப்புகள்

முத்துவின் எடை மறுபடியும் இறங்கியிருக்கிறது. தை மாதத்தில் 112 கிராம் இருந்தவன், இப்போது 91. சமையலறைத் தராசில் தண்ணீர் டப்பாவை வைத்து, அளவைச் சுழியமாக்கி, வலையோடு மெதுவாக உள்ளே இறக்கித்தான் எடை பார்க்கிறேன். வெறுங்கையில் தூக்கினால் தோலின் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். அவனைப் பூஞ்சையிடமிருந்து காப்பதே அந்த வழவழப்புதான்.

முன்பின் பார்க்காதவர்களுக்காக: ஆக்ஸலாட்டல் மீன் இல்லை, தவளைக்குச் சொந்தமான சாலமாண்டர் இனம். பெரும்பாலான சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறும். இது ஆயுள் முழுக்கச் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே இருக்கும். சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கும் சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அந்தக் குளிர் தண்ணீருக்கென்று பிறந்த உடம்பைத் தருமபுரி சித்திரை வெயிலில் வைத்துக் காப்பாற்றுவதுதான் இங்கே நடக்கும் வேலை. இதற்கு 16லிருந்து 18 டிகிரி சுகம். 24ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. மாடி வீட்டில் மதியம் மூடி வைத்த தண்ணீரே 30ஐத் தொடுகிறது.

மாசிக் கடைசியில்தான் மாற்றம் தெரிந்தது. முதலில் புழுவைக் கவ்விவிட்டுத் துப்பினான். அப்புறம் வால் நுனி கொக்கியாக வளைந்தது. செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டன. தலைக்கு இருபுறமும் மூன்று மூன்றாக இருக்கும் அந்தச் செவுள்களில், நல்ல நாளில் சிவந்த இழைகள் கோழி இறகு மாதிரி விரிந்து அசையும். இப்போது இடதுபுறக் கடைசிச் செவுளில் பாதி இழைகள் உதிர்ந்து தண்டு மட்டும் நின்றது. அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பஞ்சுத் துணுக்கு. டார்ச் அடித்துப் பார்த்தால் அதில் ஒவ்வொரு நூலும் தனித்தனியாகத் தெரியும். பூஞ்சை என்றே பொதுவாகச் சொல்லப்படும் சாப்ரோலெக்னியா.

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தேன். எங்கள் தெருவில் இரண்டு தண்ணீர். ஒன்று போர்வெல். கடினத்தன்மை அதிகம், பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 8ஐ ஒட்டி. கடின நீர் ஆக்ஸலாட்டலுக்குப் பிடிக்கும்தான், ஆனால் எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறதே. மனிதர்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்த தண்ணீரை, தோல் வழியாகவே எல்லாவற்றையும் உறிஞ்சும் ஒரு நோயாளிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். அந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே வந்த திட்டம். அதில் குளோரின் இருக்கும். அதனால் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, இரவு முழுக்கக் காற்று மோட்டார் ஓடவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

சூட்டையும் பிஎச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியா முழுவதும் ஒரே அளவு விஷமில்லை. பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் இன்னும் கூடும். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். செவுள் கெட்ட பிராணிக்கு இது இரண்டு பக்கமும் அடி. அதனால்தான் எனக்கு முதல் மருந்து குளிர்ச்சி, இரண்டாவது சுத்தம், மற்றதெல்லாம் அப்புறம்.

தொட்டிமேல் மின்விசிறி வைத்ததில் மூன்று டிகிரி வரை இறங்கியது. அது போதவில்லை. பெரிய தொட்டியை விட்டுவிட்டு, அவனைப் பத்து லிட்டர் டப்பில் மாற்றி, டப்பைத் தெர்மோகோல் மீன் பெட்டிக்குள் வைத்தேன். டப்புக்கு வெளியே, பெட்டிக்குள் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள். ஐஸ் நேராகத் தண்ணீரில் விழக் கூடாது, சட்டென்று குளிர்ந்தாலும் அதிர்ச்சிதான். தினமும் முழுத் தண்ணீரும் மாற்றம், புதுத் தண்ணீரும் அதே குளிரில். இப்படி 17, 18லேயே நிற்கிறது.

மின்சாரம் போகும் மதியங்களில் என்ன செய்வது என்ற கவலை இருந்தது. ஃப்ரீசரில் பாட்டில் அடுக்கப் போனபோது அம்மா கேட்டார்: "ஏன்டா, மாவு வைக்க இடம் வேணாமா? ஒரு பல்லிக்கு இவ்வளவு ஐஸா?" "பல்லி இல்லம்மா, தவளை ஜாதி" என்றேன். "எதுவோ. சாப்பிட்டானா?" என்றுதான் அடுத்த கேள்வி. இப்போது நான் வேலைக்குப் போகும் நாட்களில் பாட்டில் மாற்றுவது அம்மாதான். வெப்பமானியைப் பார்த்து போனில் டிகிரி சொல்கிறார்.

பூஞ்சைக்கு உப்புக் குளியல். அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, வேறொரு பாத்திரத்தில் பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. பஞ்சு சாம்பல் நிறமாகித் தானே கழன்று விழுந்தது. பிய்க்கக் கூடாது. உப்பு, செவுளையும் அரிக்கும் என்பதால் பஞ்சு போனதும் நிறுத்திவிட்டேன். அதன் பிறகு தோல் ஆறுவதற்கு, ஏலக்காய் இஞ்சி வாசனை எதுவும் சேராத சாதாரண டீத்தூளைக் கொதிக்கவைத்து, நன்றாக வடிகட்டி, ஆறவிட்டு, வெளிறிய தேன் நிறம் வருமளவு தண்ணீரில் கலந்தேன். மீனுக்குப் போடும் பாட்டில் மருந்துகளைத் தொடவேயில்லை. தாமிரம் கலந்ததும் மலாக்கைட் பச்சையும் இவ்வகைப் பிராணிகளுக்கு ஆகாது.

பஞ்சு போயும் எடை ஏறாததால் பெங்களூருவில் இவ்வகை உயிர்களைப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனேன். விடியற்காலையில், வெயிலுக்கு முன்னால், அதே தெர்மோகோல் பெட்டியோடு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இவனைப் பதிவு செய்த நகலும் கையில் இருந்தது. ஆக்ஸலாட்டல், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பவர்கள் அதைச் செய்துவிடுவது அவசியம். எக்ஸ்ரேயில் கல் எதுவும் விழுங்கவில்லை என்று தெரிந்தது, பெரிய நிம்மதி. அடியில் கூழாங்கல் போட்ட தொட்டிகளில் அடிக்கடி நடப்பது அதுதான். உள்ளுறுப்பு ஏதோ தளர்கிறது, வயதும் ஒரு காரணம் என்றார். நன்றாக வைத்தால் பத்து, பதினைந்து வருடம் வாழும் பிராணி. இவன் பெரியவனாகத்தான் என்னிடம் வந்தான், உண்மையான வயது யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து ஊட்ட வேண்டாம், தாடை பாழாகும் என்றும் சொன்னார்.

உணவில் ஒன்று கண்டுகொண்டேன். உரக் குழிகளில் கிடைக்கும் சிவப்புப் புழு கசப்பான நீரை விடும், அதை அவன் துப்புகிறான். ஆப்பிரிக்க மண்புழுவை எடுத்துக் கழுவி, அரை விரல் நீளம் நறுக்கி, இடுக்கியால் மூக்குக்குப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் சில நாள் கவ்வுகிறான். நேற்று கவ்வி விழுங்கினான். இன்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இடதுபுறத் தண்டில் இழைகள் முளைத்திருக்கின்றன. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் சிவப்பாக இருக்கின்றன. எடையும் இழையும் எதிரெதிர் திசையில் போவதால் எதை நம்புவதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்ப்பதைத் தொடர்கிறேன். 85க்குக் கீழே போனால் உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.